ஹைக்கூ போட்டிக்கு அனுப்பப் போகிறீர்களா?

பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. இருபது வருடத்துக்கும் மேலாக அடுத்தவர் எழுதியதில் ஒற்றுப் பிழையும் காற்புள்ளியும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு நடுவே, ஜப்பானிலிருந்து வந்த மூன்று வரிக் கவிதையான ஹைக்கூவைப் பதினோரு வருடமாகப் பன்னாட்டுப் போட்டிகளுக்கும் அனுப்பி வருகிறேன். கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: 63 முறை அனுப்பியதில் நான்கு முறை என் பெயர் வந்தது. முதல் பரிசு ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை கவிதையின் குறைக்காக அல்ல, விதியை மீறியதற்காகத் தள்ளிவிட்டார்கள். இரண்டுமே என் தப்பு. ஆகவே ஜெயிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க எனக்கு யோக்கியதை கிடையாது. கவிதையை நடுவரின் மேசைவரை சேதாரமில்லாமல் கொண்டுசேர்ப்பது எப்படி, அங்கே அது இரண்டாம் முறை படிக்கப்படுவதற்கு என்ன செய்யலாம், இந்த இரண்டையும் சொல்ல முடியும்.

முதலில், போட்டிக்கென்று எழுதாதீர்கள். அறிவிப்பைப் பார்த்த அன்றைக்கே உட்கார்ந்து மூன்று வரி எழுதி, மறுநாள் அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பது என் முதல் மூன்று வருடப் பழக்கம். அந்தக் கவிதைகளை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நடுவரை நிமிர்ந்து பார்த்தபடி நிற்கிறது, போட்டோவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி.

கையில் இருப்பு வேண்டும். அதற்கு ஒரு நோட்டு போதும். தேதி போட்டு, கண்ணில் பட்டதைக் கவிதையாக்காமல் அப்படியே குறித்து வையுங்கள். என் நோட்டில் ஒரு பக்கத்தில் இருப்பது இது: “மருத்துவமனையில் எண் கூப்பிடும்போதெல்லாம் தூங்குகிற குழந்தையின் விரல் அசைகிறது.” அவ்வளவுதான். ‘பாவம்’, ‘அழகு’, ‘மௌனமாக’ எதுவும் கிடையாது. இப்படிப் பத்துக் குறிப்பு சேர்ந்தால் அதில் ஒன்றோ இரண்டோ ஹைக்கூவாகும். முப்பது நாற்பது ஹைக்கூ சேர்ந்த பிறகு போட்டி அறிவிப்பைப் பாருங்கள். அப்போது உங்கள் வேலை எழுதுவதல்ல, பொறுக்குவது. பொறுக்குகிறபோது கண் கறாராக இருக்கும். எழுதுகிறபோது அது இளகிப்போகிறது.

பதினேழு என்கிற வம்பு

“ஐந்து, ஏழு, ஐந்து அசை” என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தடுக்கி விழுவதும் அங்கேதான். ஜப்பானியர் எண்ணுவது நம் யாப்பிலக்கண அசையை அல்ல. ஆங்கிலத்தின் சிலபிளையும் அல்ல. அவர்கள் எண்ணுவதற்கு ‘ஓன்’ என்று பெயர். தமிழ் படித்தவர்களுக்கு அதை விளக்க ஒரே சொல் போதும்: மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. நமக்கு மெய்க்கு அரை. அவர்களுக்குச் சொல் நடுவிலோ கடைசியிலோ நிற்கிற ‘ன்’ ஒரு முழு ஓன்; இரட்டிக்கிற மெய்யின் முதல் ஒற்றும் அப்படித்தான். அதனால் ‘டோக்கியோ’ என்ற பெயர் அவர்கள் காதில் டோ-ஓ-கியோ-ஓ என்று நான்கு. ‘நிப்போன்’ என்பதும் நி-ப்-போ-ன் என்று நான்கு.

இப்படிச் சின்னச் சின்னத் துண்டாக எண்ணினால் பதினேழு ஓனுக்குள் அடங்குவது கொஞ்சம்தான். அதே பதினேழை ஆங்கில சிலபிளில் நிரப்பினால் கவிதை ஊதிப்போகும். அதனால்தான் ஆங்கில ஹைக்கூ இதழ்களில் வருபவை பெரும்பாலும் பத்திலிருந்து பதினான்கு சிலபிளுக்குள் முடிந்துவிடுகின்றன. தமிழில் 5-7-5 எழுத்தென்று பிடிவாதமாக எண்ணி எழுதுகிறவர்களின் கவிதையில் ‘அந்த’, ‘ஒரு’, ‘தான்’ மூன்றும் வாடகைக்குக் குடிவந்திருக்கும். எண்ணிக்கைக்காக உட்கார்ந்திருக்கும் சொல்லை அனுபவமுள்ள நடுவர் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்.

ஒரே விதிவிலக்கு: போட்டி விதியிலேயே ‘5-7-5 கட்டாயம்’ என்று இருந்தால் வாதம் பண்ணாமல் எண்ணி எழுதுங்கள். பள்ளி மாணவர்களுக்கான போட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

வெட்டு

எண்ணிக்கையைவிட முக்கியம் வெட்டு. 1686இல் ஜப்பானியக் கவிஞர் பாஷோ எழுதிய, பழைய குளத்தில் தவளை குதிக்கிற கவிதையில் முதல் ஐந்து ஓன் ‘ஃபுருஇகே யா’. பழைய குளம் என்று சொல்லிவிட்டு ‘யா’ என்று நிறுத்துகிறார். அந்த ‘யா’வுக்குத் தனியாக அர்த்தம் இல்லை. அதுதான் வெட்டுச்சொல், கிரெஜி. ‘கனா’, ‘கெரி’ என்று இன்னும் சில உண்டு. சங்கப் பாட்டில் ‘மன்ற’, ‘கொல்’, ‘அம்ம’ எல்லாம் எப்படி வரியின் மூச்சை மாற்றுகின்றனவோ, கிட்டத்தட்ட அந்த வேலை. இன்றைக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் ஒரு கோடு போடுகிறோம், அல்லது வரியை மடக்கி விட்டுவிடுகிறோம்.

வெட்டு இருந்தால் கவிதையில் இரண்டு துண்டு இருக்கும். ஒன்று ஒரு வரி, மற்றது இரண்டு வரி. இரண்டு இடத்தில் வெட்டினால் மூன்று துண்டாகிச் சாமான் பட்டியல் போல ஆகிவிடும். வெட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இரண்டு துண்டுக்கும் நடுவே ‘அதனால்’ என்று போட்டுப் படிப்பேன். பொருந்தினால் கவிதை தோற்றது. ஒன்று இன்னொன்றை விளக்கிக்கொண்டிருக்கிறது. ‘அப்போது’ என்று போட்டால் பொருந்த வேண்டும், ‘அதனால்’ பாதிதான் பொருந்த வேண்டும். அந்த மீதிப் பாதியைப் படிக்கிறவர் போட்டுக்கொள்வார்.

எறும்பு போன கதை

ஒரு கவிதை எப்படித் தேறியது என்று காட்டுகிறேன். பெயர் வந்த நான்கில் இது ஒன்று. ஏற்கனவே வெளியாகிவிட்டதால் தைரியமாகக் காட்டலாம்.

ஒரு பாடநூலின் மெய்ப்பு, அதாவது பிழை திருத்த வந்த அச்சுத் தாள். ராத்திரி ஒரு மணி தாண்டியிருக்கும். வெளியே நல்ல மழை. ஒரு வாக்கியத்தில் தேவையில்லாத காற்புள்ளி. சிவப்புப் பேனாவால் அடிக்கப் போனேன். அது நகர்ந்தது. மழைக்குப் பயந்து ஜன்னல் ஓரமாக உள்ளே வந்திருந்த எறும்பு. அந்த நேரத்தில் தனியாகச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் எழுதியது இது:

வாழ்க்கை எனும் மெய்ப்புத் தாள்
எறும்பாய் ஊர்கிறேன்
முற்றுப்புள்ளி தேடி

நடந்தது என்ன, எழுதியது என்ன பாருங்கள். சிரிப்பு போய்விட்டது, மழை போய்விட்டது, தத்துவம் வந்து உட்கார்ந்துவிட்டது. ‘எனும்’ என்ற சொல் வந்தாலே என் பேனா இப்போது நின்றுவிடும். ஒன்றை இன்னொன்றாக்குகிற உருவகம் புதுக்கவிதையில் ராஜாவாக இருக்கலாம். ஹைக்கூவில் எறும்பு எறும்பாக இருந்தால்தான் மரியாதை.

இரண்டாவது முயற்சி:

மெய்ப்புத் தாளில் எறும்பு
காற்புள்ளி என்று நினைத்து
அடிக்கப் போனேன்

நடந்ததுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் நகைச்சுவைத் துணுக்கின் முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிட்டது. ‘என்று நினைத்து’ வேறு விளக்கவுரை. மூன்றாவது:

நள்ளிரவு மெய்ப்பு —
அடிக்கப் போன காற்புள்ளி
நகர்கிறது. எறும்பு!

இதை முடிந்துவிட்டது என்றே நினைத்து நோட்டில் எண் போட்டேன். நான்கு மாதம் அப்படியே கிடந்தது. பிறகு ஒருநாள் படித்தபோது அந்தக் கடைசிச் சொல் துருத்திக்கொண்டு நின்றது. காற்புள்ளி நகர்ந்தால் அது எறும்பு என்று படிக்கிறவருக்குத் தெரியாதா? எறும்பை எடுத்தேன். காற்புள்ளியை அடிக்கிறவர் மெய்ப்பு பார்க்கிறவர் என்பதும் தெரியாதா? ‘மெய்ப்பு’ம் போனது. காலியான இடத்தில், எறும்பை உள்ளே அனுப்பி வைத்த மழை தானாக வந்து உட்கார்ந்தது.

பின்னிரவு மழை —
அடிக்கப் போன காற்புள்ளி
நகர்கிறது

‘அடிக்க’ என்பதில் இரண்டு அடி இருப்பதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அச்சானதற்கு அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

உங்கள் கவிதையிலும் இப்படி ஓர் எறும்பு இருக்கும். கவிதை எதைப் பற்றியதோ அந்தச் சொல்லையே எடுத்துப் பாருங்கள். பல நேரம் கவிதை அது இல்லாமலே நிற்கும்.

இதை ஹைக்கூ என்பதா சென்ரியு என்பதா என்றும் கேட்கலாம். வடிவம் இரண்டுக்கும் ஒன்றுதான். மனிதர்களின் அசட்டுத்தனம் தூக்கலாக இருந்தால் சென்ரியு. சில போட்டிகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. அமெரிக்க ஹைக்கூ சங்கம் ஹைக்கூவுக்கு ஹெண்டர்சன் பெயரிலும் சென்ரியுவுக்கு ப்ரேடி பெயரிலும் தனித்தனி விருது வைத்திருக்கிறது. பிரிவு மாறி அனுப்பினால் நல்ல கவிதையும் தப்பான வரிசையில் நின்று தோற்கும். என் கவிதையை மழை கொஞ்சம் ஹைக்கூ பக்கம் இழுத்துவிட்டது.

பருவம்

ஜப்பானிய மரபில் ஒவ்வொரு ஹைக்கூவிலும் பருவத்தைக் காட்டும் ஒரு சொல், கிகோ, இருக்கும். எந்தச் சொல் எந்தப் பருவம் என்று தொகுத்த அகராதிகளும் உண்டு, சைஜிகி என்பார்கள். தவளை வசந்தம். சிள்வண்டு கோடை. வெறுமனே நிலா என்றால் இலையுதிர்காலம். நமக்கு இது புதிதே அல்ல. பெரும்பொழுதும் கருப்பொருளும் வைத்துப் பாடிய மொழி இது. முல்லை பூத்தது என்றால் கார்காலம் வந்தது, தலைவன் இன்னும் வரவில்லை என்று சொல்லாமலே புரிந்துகொண்ட வாசகர்கள் இருந்த மொழி. கிகோவும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு சொல் உள்ளே வரும்போது ஒரு பருவத்தையே முதுகில் தூக்கிக்கொண்டு வரும்.

இதில் நம்மவர்கள் விழுகிற குழி, பார்க்காத பருவத்தை எழுதுவது. பனி கொட்டுகிறது, மேப்பிள் இலை உதிர்கிறது, செர்ரி பூக்கிறது என்று கூகுள் படத்தைப் பார்த்து எழுதி, பனியிலேயே வாழ்கிறவரின் கையில் கொடுப்பது. நானும் செய்திருக்கிறேன். வான்கூவர் செர்ரிப்பூத் திருவிழா 2006 முதல் நடத்தும் ஹைக்கூ போட்டியில் செர்ரிப்பூதான் பொருள். நான் செர்ரி மரத்தை நேரில் பார்த்ததே இல்லை. முதல் வருடம் இதழ்கள் மெல்ல உதிர்வதாக ஏதோ எழுதினேன். இன்றைக்குப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. அடுத்த முறை எனக்குத் தெரிந்த ஒரே செர்ரி மரத்தை எழுதினேன்:

மே பாதி ஆயிற்று
சுவரில் இன்னும் ஏப்ரல்
செர்ரிப் பூக்கள்

இதற்கும் பரிசு இல்லை. ஆனால் இதில் பொய் இல்லை.

கிகோ எல்லாப் போட்டியிலும் கட்டாயமும் அல்ல. இதோஎன் என்ற தேநீர் நிறுவனம் 1989இல் தொடங்கிய ‘புதிய ஹைக்கூ’ போட்டியில் பருவச்சொல்லும் கறாரான எண்ணிக்கையும் கேட்பதில்லை. தேர்வான கவிதைகளை அவர்களுடைய பச்சைத் தேநீர்ப் பாட்டிலின் மேலேயே அச்சிடுகிறார்கள். ஆங்கிலத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. மொத்தமாக வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கவிதைகள் வந்து குவிகிற இடம் அது. அங்கே பெயர் வராவிட்டால் மனம் உடையத் தேவையில்லை.

எங்கே அனுப்புவது

யாருக்குத் திறந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஜப்பானிய வெளியுறவு அமைச்சும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து நடத்திய ஆங்கில ஹைக்கூ போட்டி அந்த நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஜப்பான் ஏர்லைன்ஸின் அறக்கட்டளை நடத்தும் உலகச் சிறுவர் ஹைக்கூ போட்டியைப் பாருங்கள். பதினைந்து வயதுவரைக்கும், கவிதையோடு கையால் வரைந்த படமும் வேண்டும். யமகதாவில் பாஷோ நினைவு அருங்காட்சியகம் நடத்தும் ஆங்கில ஹைக்கூ போட்டி எனக்குப் பிடித்த ஒன்று. பாஷோ 1689இல் அங்கே இருக்கிற யமதேரா மலைக் கோயிலில்தான் பாறைக்குள் இறங்குகிற சிள்வண்டுச் சத்தத்தை எழுதினார். அந்தக் காரணத்துக்காகவே சிள்வண்டுக் கவிதைகளை அங்கே அனுப்பாமல் தவிர்க்கிறேன். அவர்கள் எத்தனை பார்த்திருப்பார்கள்!

1968இல் தொடங்கிய அமெரிக்க ஹைக்கூ சங்கமும், 1990இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஹைக்கூ சங்கமும் ஆண்டுதோறும் விருதுகள் நடத்துகின்றன. சங்கப் போட்டிகளில் பெரும்பாலும் சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. கட்டணம் என்றாலே மோசடி என்று நினைக்க வேண்டாம்; நடுவருக்கும் பரிசுக்கும் அதிலிருந்துதான் போகிறது. மோசடிக்கு அடையாளம் வேறு. நடுவரின் பெயர் இருக்காது, போன வருடம் தேர்வான கவிதைகள் எங்கேயும் இருக்காது, அனுப்பிய எல்லோரும் ‘தேர்வாகி’விடுவார்கள், அப்புறம் உங்கள் கவிதை இருக்கிற தொகுப்பை நீங்களே காசு கொடுத்து வாங்கச் சொல்லுவார்கள். இப்படி ஒரு புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. என் பெயரையே அதில் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள். பிழைதிருத்துகிறவளுக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டாம்.

போட்டி ஒன்றைத் தேர்ந்ததும் அதில் முன் வருடங்களில் வென்றவற்றைப் படியுங்கள். அதே மாதிரி எழுதுவதற்காக அல்ல, எதைப் பார்த்துப் பார்த்து அவர்கள் சலித்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள. கூடவே மாடர்ன் ஹைக்கூ, ஃப்ராக்பாண்ட், ஹெரன்ஸ் நெஸ்ட் போன்ற இதழ்களையும் ஒரு ஆறு மாதம் புரட்டினால் காது தானாகப் பழகும். நடுவர்களில் பலர் இவற்றில் எழுதுகிறவர்கள், தொகுத்தவர்கள். சலித்த சரக்கு எதுவென்று என் அனுபவத்தில் சொல்வதென்றால்: குளமும் தவளையும், நிலாவைப் பிடிக்கும் குழந்தை, கடைசி இலை, கடைசி வரியில் ‘தனிமை’, கேள்விக்குறி, மூன்று புள்ளி. தலைப்பும் எதுகை மோனையும் வேண்டாம். தலைப்பு வைத்தால் நான்காவது வரி எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

விதித்தாள்

இதைத்தான் யாரும் படிப்பதில்லை. நான் ஒன்றுக்கு இரண்டாகத் தண்டனை வாங்கிய இடம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

‘இதுவரை வெளிவராத கவிதை’ என்று ஏறக்குறைய எல்லாப் போட்டியும் கேட்கும். வெளிவருவது என்றால் பத்திரிகையில் வருவது மட்டுமில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எல்லோரும் பார்க்கக்கூடிய எந்த இடமும் பல போட்டிகளுக்கு வெளியீடுதான். ஒரு கவிதையை அனுப்பி இரண்டு வாரத்தில், ஆசை தாங்காமல் அதைப் படத்தின் மேல் எழுதிப் பொதுவில் போட்டேன். பதினேழு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். நடுவர் குழுவில் யாரோ தேடிப் பார்த்திருக்கிறார்கள். ‘உங்கள் கவிதை இறுதிச் சுற்றில் இருந்தது, ஆனால்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த ‘ஆனால்’ இன்னும் வலிக்கிறது. மூடிய சின்னக் குழுவில் நான்கு பேரிடம் கருத்துக் கேட்பதைச் சில போட்டிகள் அனுமதிக்கின்றன, சில இல்லை. விதியில் இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள், பதில் சொல்வார்கள்.

ஒரே கவிதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்பது அடுத்தது. இரண்டிலும் தேர்வாகிவிட்டால் என்ற பயம் நமக்கு இல்லைதான், ஆனாலும் அனுப்பக் கூடாது.

எத்தனை கவிதை அனுப்பலாம் என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டு என்றால் இரண்டு. மூன்றாவதை ‘வேண்டுமானால்’ என்று சேர்த்து அனுப்பினால் மூன்றையுமே ஒதுக்கிவிடும் இடங்கள் உண்டு. பெயரைக் கவிதை இருக்கிற பக்கத்தில் போடக் கூடாது என்பார்கள், நடுவருக்கு யார் எழுதியது என்று தெரியக் கூடாது. கோப்பாக இணைக்கச் சொன்னால் கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ‘மின்னஞ்சலின் உள்ளேயே எழுதுக’ என்றால் இணைக்காதீர்கள். ஒட்டும்போது வரி மடங்குவது குலைந்து மூன்று வரி ஒரே வரியாகிவிடும். முதலில் உங்களுக்கே அனுப்பித் திறந்து பாருங்கள். தமிழில் அனுப்புவதானால் யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள், கூடவே ஒரு பிடிஎஃப் வைக்கலாமா என்று கேளுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம் கட்டமாகப் போய்ச் சேர்ந்தால் அது யார் எழுதிய கவிதையும் அல்ல.

இரண்டாவது தண்டனை நேரத்தால் வந்தது. கடைசி நாள் இரவு 11:59 என்று போட்டிருந்தது. எந்த நாட்டு இரவு என்று நான் பார்க்கவில்லை. ஜப்பான் நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே 11:59 என்றால் இங்கெல்லாம் 8:29. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 10:59. லண்டனில் குளிர்காலமானால் பிற்பகல் 2:59, கோடையானால் 3:59. நான் ஒன்பதேகாலுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இப்போதெல்லாம் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னதாக என் கடைசி நாளை வைத்துக்கொள்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதை ஏற்க மாட்டோம் என்ற வரி இப்போது பல விதித்தாள்களில் வந்துவிட்டது. மொழிபெயர்ப்புக்கு மட்டும் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அந்த வரிக்குப் பக்கத்திலேயே பாருங்கள். இன்னொன்று, தெரியாமலே வேறொருவர் கவிதையோடு ஒத்துப்போவது. மூன்று வரியில் இது சாதாரணமாக நடக்கும். கவிதையின் முக்கியமான சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு ஒருமுறை தேடிவிட்டு அனுப்புவது என் வழக்கம். ஒருமுறை அப்படித் தேடியதில், நான் ரொம்பப் பெருமைப்பட்ட ஒன்று வேறொருவரால் எப்போதோ எழுதப்பட்டு, என்னுடையதைவிட நன்றாகவும் இருந்தது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு

பெரும்பாலான பன்னாட்டுப் போட்டிகள் ஆங்கிலத்தில்தான். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் கொடுக்கிறவர்களுக்கு ஒரு கண்ணி காத்திருக்கிறது. நம் மொழியில் பெயரெச்சம் முன்னால் வரும், பெயர் கடைசியில் வந்து விழும். “விளக்கணைத்த அறையில் / என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் / பூனை” என்றால் பூனை கடைசிவரை ஒளிந்திருக்கிறது. இதை ஆங்கில வாக்கியமாக்கினால் பூனை முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அறை கடைசிக்குப் போகும். கவிதை தலைகீழாகிவிட்டது. இதற்கு மருந்து, வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் படங்களின் வரிசையை மொழிபெயர்ப்பது. முதலில் இருட்டு, அப்புறம் பார்க்கப்படுகிற உணர்வு, கடைசியில் பூனை. வினைச்சொல்லே இல்லாமல்கூட வைக்கலாம்.

அப்புறம் ஆங்கிலத்தின் ‘எ’ (a), ‘த’ (the) என்ற இரண்டு குட்டிச் சொற்கள். தமிழில் இந்தத் தொல்லை இல்லை, ஜப்பானியத்திலும் இல்லை. ஒருமை பன்மைகூட இரண்டிலும் பல நேரம் சொல்லாமலே ஓடிவிடும். பாஷோவின் குளத்தில் குதித்தது ஒரு தவளையா பலவா என்று ஜப்பானிய மூலத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆங்கிலத்துக்குப் போகிறபோதுதான் அதை முடிவு செய்ய வேண்டி வருகிறது. என் காற்புள்ளிக்கு முன்னால் ‘எ’ போட்டால் ஏதோ ஒரு காற்புள்ளி, ‘த’ போட்டால் நான் அடிக்கக் குறிவைத்திருந்த அதே காற்புள்ளி. ‘த’ போட்டேன். ‘அடிக்க’வின் இரண்டாவது அடியை ஆங்கிலத்தில் கொண்டுவர முடியவில்லை, விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்தால் மொழிபெயர்ப்பு அடிக்குறிப்பாகிவிடும்.

முடித்த பிறகு தமிழ் தெரியாத ஒருவரிடம் ஆங்கில வடிவத்தை மட்டும் கொடுத்து, என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நல்லா இருக்கா என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் வரும்.

1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய பாரதியும் அந்தச் சுருக்கத்தைத்தான் வியந்தார், ஆங்கிலம் வழியாகப் படித்துவிட்டு. நாம் இப்போது அதே பாலத்தில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம்.

அனுப்பிய பிறகு

கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டின் பின்பக்கத்தில் நான்கு கட்டம்: கவிதையின் எண், எங்கே, எந்தத் தேதி, முடிவு எப்போது. முடிவு வரும்வரை அந்தக் கவிதை அங்கே கட்டிப்போட்டது மாதிரி, வேறெங்கும் கொடுக்க முடியாது. நான்கு மாதமும் ஆகும், எட்டு மாதமும் ஆகும். பல போட்டிகள் வென்றவர்களுக்கு மட்டுமே எழுதுவார்கள். மற்றவர்கள் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ‘என் கவிதை ஏன் வரவில்லை’ என்று கேட்டு எழுதாதீர்கள்.

பட்டியல் வந்த அன்று கோபமாக இருக்கும், வென்ற கவிதை மட்டமாகத் தெரியும். ஒரு வாரம் கழித்து நடுவர் குறிப்பைப் படியுங்கள். பெரும்பாலான நல்ல போட்டிகளில் முதல் சில கவிதைகளுக்கு நடுவர் தன் காரணத்தை எழுதியிருப்பார். எனக்குக் கிடைத்த பாடத்தில் பாதி அந்தக் குறிப்புகளிலிருந்துதான். பிறகு தோற்ற கவிதையைக் கட்டவிழ்த்துவிட்டு மறுபடி படிப்பேன். ஒரு சொல்லாவது எடுக்க முடிந்தால் எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புவேன். எடுக்க ஒன்றுமில்லை என்றால் அப்படியே அனுப்புவேன். காற்புள்ளிக் கவிதை பெயர் வாங்கியது மூன்றாவதாக அனுப்பிய போட்டியில்தான்.

நோட்டில் 41ஆம் எண் கவிதை இப்போது நான்காவது போட்டியில் இருக்கிறது. என் இருப்பிலேயே நல்லது அதுதான் என்று நினைக்கிறேன். அக்டோபர் வரை உங்களுக்குக் காட்ட முடியாது.